கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா மூடிக்கும்

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு குதிரையைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன். ரேஸ் குதிரை கிடையாது. சினிமாவுல ஹீரோ ஏறி வர்ற வெள்ளைக் குதிரையும் கிடையாது. என் நெஞ்சு உயரத்துக்குக்கூட வராத ஒரு மட்டக்குதிரை. அதுகிட்ட நான் பத்து நாள்ல மூணு தொப்பி, ஒரு பாக்கெட் கடலைமிட்டாய், அப்புறம் கொஞ்சம் மானம், இதெல்லாம் இழந்தேன்.

இடம், கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலையில இருந்து செஞ்சி போற ரோட்டுல கிட்டத்தட்ட பாதி வழியில வரும். பஸ்ஸை விட்டு இறங்கி மேற்குப் பக்கம் பார்த்தா அண்ணாமலை தெரியும். சுத்தி மல்லாட்டைக் கொல்லை. மல்லாட்டைன்னா வேர்க்கடலைதான். அந்தப் பக்கம் போய் "வேர்க்கடலை"ன்னு கேட்டீங்கன்னா, நீங்க மெட்ராஸ்னு கண்டுபிடிச்சிடுவாங்க.

ஊருக்கு வெளிய ஒரு தோட்டத்துல பசங்களுக்கு சம்மர் கேம்ப். எட்டு வயசுல இருந்து பதிமூணு வயசு வரைக்கும் இருபத்திச் சொச்சம் பேர். பெரும்பாலும் சென்னை, பெங்களூரு பசங்க. நான் வாலன்டியரா போயிருந்தேன். மே மாசம், அக்னி நட்சத்திரம். அந்த வெயில்ல யாரு கேம்ப் வெச்சாங்கன்னு கேக்காதீங்க, லீவு அப்பதானே விடுறாங்க.

அங்கதான் அந்தக் குதிரை. பேரு தேசிங்கு.

பேரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அதே ரோட்டுல இன்னும் கொஞ்சம் தூரம் போனா செஞ்சிக் கோட்டை. அங்க இருந்த ராஜாதான் தேசிங்கு. சரித்திரத்துல அவர் பேரு தேஜ் சிங். 1714-ல ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்துச் சண்டை போட்டுச் செத்துப்போன சின்ன வயசு ராஜா. மக்கள் அவரை ஞாபகம் வெச்சிருக்கிறது போரை விட ஒரு குதிரைக் கதைக்காகத்தான். யாரும் ஏற முடியாத ஒரு முரட்டுக் குதிரை டெல்லி பாதுஷாகிட்ட இருந்துச்சு, அதைச் சின்னப் பையன் தேசிங்கு அடக்கிட்டான்னு கதைப்பாடல் சொல்லுது. 1960-ல எம்.ஜி.ஆர். நடிச்சுப் படமாவும் வந்துச்சு. அந்தக் கதையில குதிரைக்குப் பேரு பாராசாரி. இங்க ராஜா பேரையே குதிரைக்கு வெச்சுட்டாங்க. ஏன்னு குதிரையைப் பார்த்துக்கிட்ட பெரியவர்கிட்ட கேட்டேன். "இங்க ராசா அவன்தான் தம்பி, நாம எல்லாம் சேவகம்"னாரு. விளையாட்டா சொல்றாருன்னு நினைச்சேன். ரெண்டே நாள்ல புரிஞ்சிடுச்சு.

முதல் நாள் ராத்திரி. தேசிங்கு நிக்கிற இடத்துக்கு ஒரு மரக்கதவு, வெளிப்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள். காலையில எழுந்து பார்த்தா கதவு திறந்து கிடக்கு, சமையல் கொட்டாயில ஊற வெச்சிருந்த கொள்ளு அண்டா காலி. இவன் பக்கத்துல நின்னு ஒண்ணுமே தெரியாத மாதிரி வேப்பமரத்தைப் பார்த்துட்டு இருக்கான். சரி, யாரோ தாழ்ப்பாள் போட மறந்துட்டாங்கன்னு நினைச்சோம். மறுநாள் ராத்திரி நானே போட்டேன், ரெண்டு தடவை இழுத்தும் பார்த்தேன். காலையில மறுபடியும் திறந்திருக்கு. மூணாவது நாள் டார்ச்சை எடுத்துக்கிட்டு ஒளிஞ்சு நின்னு பார்த்தேன். கழுத்தைக் கதவுக்கு மேல வெளிய நீட்டி, மேலுதட்டால தாழ்ப்பாளோட காதைத் தூக்கி, பல்லால பிடிச்சு இழுக்கிறான். அதுக்குக் கொஞ்ச நேரம்தான் ஆச்சு. அதோட விட்டானா? நேரா போய்க் கன்னுக்குட்டி கட்டியிருந்த பட்டியோட படலையும் தலையால முட்டித் திறந்துவிட்டுட்டான். கன்னுக்குட்டியை வெளிய விட்டா இவனுக்கு என்ன லாபம்? ஒண்ணும் கிடையாது. ஒரு கம்பெனிக்குத்தான்.

ஒரு விஷயம் சொல்லணும். குதிரையோட மேலுதடு கிட்டத்தட்ட நம்ம விரல் மாதிரி. கலந்து கிடக்கிற புல்லுல வேணும்ங்கிறதை மட்டும் பிரிச்சு எடுக்கும். கொள்ளுல மாத்திரையைக் கலந்து வெச்சுப் பாருங்க, கொள்ளு காலியாகும், மாத்திரை அப்படியே அடியில கிடக்கும். அப்படி ஒரு உதடு, நாள் பூரா சும்மா நிக்கிற ஒரு மூளை, நடுவுல ஒரு தாழ்ப்பாள். வேற என்ன நடக்கும்?

அடுத்தது ஆளை எடை போடுறது. ஒவ்வொரு பையனும் கிட்ட வரும்போது தேசிங்கு ஒரு பார்வை பார்ப்பான். பயப்படாம வர்றவனைத் தூக்கிக்கிட்டு நல்ல பிள்ளையா நடப்பான். "டேய் போடா, போ"ன்னு அதட்டுறவனைத் தூக்கிக்கிட்டு நேரா வேப்பமரத்தடிக்குப் போய் நின்னுடுவான். நீ கத்து, நிழல் நல்லா இருக்குன்னு சொல்ற மாதிரி. ஒரு பையன் ரொம்பவே அலட்டினான். அவனைக் கூட்டிக்கிட்டுப் போய்த் தொட்டிப் பக்கம் சேத்துல தலையைச் சட்டுனு கீழ குனிஞ்சான். பையன் கழுத்து வழியா சறுக்கிச் சேத்துல உக்கார்ந்தான். இவன் அவன் தொப்பியைக் கவ்விக்கிட்டான். "குதிரை கீழ தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சதாம்"னு சொல்வாங்க இல்ல, அதை அன்னைக்குத்தான் நேர்ல பார்த்தேன்.

இதைச் சொல்லும்போது க்ளெவர் ஹான்ஸ் ஞாபகம் வருது. ஜெர்மனியில, பெர்லின்ல, வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன்னு ஒரு வாத்தியார். அவரோட குதிரை ஹான்ஸ் கணக்குப் போடும். ஏழும் அஞ்சும் எத்தனைன்னு கேட்டா குளம்பால பன்னெண்டு தட்டு தட்டும். 1904-ல ஒரு நிபுணர் குழு வந்து பார்த்து, இதுல ஏமாத்து வேலை எதுவும் இல்லைன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் ஆஸ்கர் ஃபங்ஸ்ட்னு ஒருத்தர் பொறுமையா ஆராய்ச்சி பண்ணி 1907-ல விடையை வெளியிட்டார். கேள்வி கேக்குறவருக்கே பதில் தெரியலைன்னா ஹான்ஸுக்கும் தெரியாது. கேக்குறவர் கண்ணுல படலைன்னாலும் தெரியாது. சரியான எண்ணிக்கை வர்ற நொடியில மனுஷன் தலை தன்னையறியாம ரொம்ப லேசா அசையும், உடம்புல இருந்த இறுக்கம் தளரும். அதைப் பார்த்துட்டு ஹான்ஸ் தட்டுறதை நிறுத்திடும்.

பல பேர் இந்தக் கதையை "ஓ, அப்போ குதிரை புத்திசாலி இல்ல"ன்னு முடிச்சுடுவாங்க. எனக்கு அது தலைகீழாத் தோணுது. ஒரு குழுவே உக்கார்ந்து பார்த்தும் அவங்க கண்ணுக்குப் படாத அசைவு, அந்தக் குதிரைக்குப் பட்டிருக்கு. அதுக்குக் கணக்கு தெரியலை, மனுஷனைத் தெரிஞ்சிருந்துச்சு. 2016-ல இங்கிலாந்துல சசெக்ஸ் பல்கலைக்கழகத்துல ஒரு ஆராய்ச்சி. குதிரைகளுக்கு மனுஷங்க கோபமா இருக்கிற போட்டோவைக் காட்டினாங்க. நேர்ல ஆள்கூட இல்ல, வெறும் போட்டோ. அதுக்கே குதிரைகளோட இதயத் துடிப்பு வேகமா ஏறுச்சு.

சரி, இப்ப என் கதைக்கு வர்றேன். இதுவரைக்கும் சொன்னது ஜாலி. இனிமேதான் விஷயம்.

தேசிங்குகிட்ட எல்லாருக்கும் பிடிச்ச ஒரு வித்தை இருந்துச்சு. சேணம் போட்டு வயித்துக்குக் கீழ வாரை இழுத்துக் கட்டும்போது, மூச்சைப் பிடிச்சு வயித்தை உப்பிப்பான். வார் இறுக்கமா இருக்கிற மாதிரியே தெரியும். நாம கட்டி முடிச்சதும் மூச்சை விட்டுடுவான். வார் தொளதொளன்னு ஆகிடும். பையன் ஏறி உக்கார்ந்து நாலடி போறதுக்குள்ள சேணம் அப்படியே பக்கவாட்டுல சுத்திக்கும், பையன் மெதுவா சாஞ்சு கீழ வந்துடுவான். தரை மணலு, அடி எதுவும் படாது. சுத்தி நிக்கிற பசங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க.

நான் அதை வீடியோ எடுத்தேன். ரீல்ஸ் போட்டேன். நல்லா போச்சு. அப்புறம் என்ன, தினமும் அதே வித்தை. காலையில ஒண்ணு, சாயங்காலம் ரெண்டு. பெரியவர் ரெண்டு நாள் சொந்தக்காரங்க கல்யாணம்னு ஊருக்குப் போயிட்டாரு. "வெயில் ஏறினா கட்டாத தம்பி"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாரு. அந்த ரெண்டு நாளும் சேணம் கட்டினது நான். பதினோரு மணிக்கும் கட்டினேன்.

மூணாவது நாள் காலையில சேணத்தைத் தூக்கிக்கிட்டுப் போறேன், தேசிங்கு திரும்பி என் முழங்கையில கடிச்சுட்டான். ரத்தம் எல்லாம் வரலை, ஆனா அது விளையாட்டுக் கடி இல்ல. நான் கோபத்துல கயித்தை இழுத்தேன். அவன் அப்படியே நின்னான். அசையலை. பசங்க எல்லாம் "அண்ணா, தேசிங்கு நடிக்கிறான், நடிக்கிறான்"னு சிரிக்கிறாங்க. நானும் "நடிக்கிறான்டா"ன்னேன்.

அந்தக் கூட்டத்துல ஒரு பொண்ணு, ஒன்பது வயசு இருக்கும். அதிகம் பேச மாட்டா. அந்த ஒரு வாரத்துல ஒரு தடவைகூடக் குதிரை ஏறலை. தினமும் வேலிக்கு வெளிய உக்கார்ந்து பார்த்துட்டு மட்டும் இருப்பா. அவதான் சொன்னா. "அண்ணா, அது நடிக்கலை. நீங்க அந்த பெல்ட்டைக் கையில எடுக்கும்போதே அது காதைப் பின்னாடி மடக்குது. முன்னாடி எல்லாம் தொடும்போதுதான் மடக்கும். நேத்துல இருந்து பார்த்தாலே மடக்குது."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. சேணத்தைக் கீழ வெச்சேன். அன்னைக்குப் பெரியவர் திரும்பி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை பேசலை. தேசிங்கு கழுத்துல கையை வெச்சு, மெதுவா முன்னங்காலுக்குப் பின்பக்கம் வரைக்கும் தடவிக்கிட்டே வந்தாரு. ஒரு இடத்துல தோல் வெடுக்குனு துடிச்சுது. முடியை விலக்கிக் காட்டினாரு. உள்ளங்கை அகலத்துக்கு வார் உரசித் தோல் வழண்டு போயிருந்துச்சு. வேர்வையும் மணலும் சேர்ந்து அரிச்சிருக்கு.

"வாயில்லா ஜீவன், வாயில்லா ஜீவன்னு சொல்றாங்களே," அப்படின்னாரு பெரியவர். "இவன் ரெண்டு நாளா கத்திக்கினு இருக்கான். அதுக்கு வாய் இருக்குது தம்பி. நமக்குத்தான் காது இல்ல."

திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

கால்நடை டாக்டர் வந்து பார்த்தாரு. புண் ஆறி, புது முடி வர்ற வரைக்கும் சேணம் தொடவே கூடாதுன்னாரு. அப்படியே இன்னொண்ணும் சொன்னாரு. வயித்தை உப்புறதைத் தந்திரம்னு எல்லாரும் சிரிக்கிறாங்க, ஆனா நிறைய குதிரைங்க அதைப் பண்றது வார் இறுக்கும்போது வலிக்கும்னு தெரிஞ்சு உடம்பை இறுக்கிக்கிறதாலதான். நமக்கு ஊசி போடப் போறாங்கன்னா கையை இறுக்கிக்கிறோம் இல்ல, அதேதான். அதாவது நான் ரீல்ஸ் போட்ட அந்தக் காமெடி, ஆரம்பத்துல இருந்தே காமெடி இல்லாம இருந்திருக்கலாம்.

அன்னைக்கு ராத்திரி அந்த வீடியோவை எடுத்து மறுபடி பார்த்தேன், சத்தத்தை ஆஃப் பண்ணிட்டு. பசங்க சிரிப்பு இல்லாம பார்த்தா அது வேற வீடியோ. காது பின்னாடி ஒட்டியிருக்கு. வால் விசுக்கு விசுக்குன்னு அடிக்குது. மூக்குக்கு மேல சுருக்கம். எல்லாம் அப்பட்டமா தெரியுது. வீடியோவை டெலீட் பண்ணிட்டேன்.

வீட்டுக்கு வந்தப்புறம் இதைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சேன். சூ டைசன்னு இங்கிலாந்துல ஒரு கால்நடை மருத்துவர். குதிரைகளோட கால், முதுகு வலி பத்திப் பல வருஷம் வேலை பார்த்தவங்க. ஆள் ஏறியிருக்கும்போது குதிரை காட்டுற 24 அடையாளங்களை அவங்க குழு 2018-ல பட்டியல் போட்டாங்க. காதைப் பின்னாடி மடக்குறது, வாலை அடிச்சுக்கிட்டே இருக்கிறது, வாயைத் திறந்து திறந்து மூடுறது, தலையைச் சாய்க்கிறது, நடக்க மறுக்கிறது, இப்படி. இதுல எட்டோ அதுக்கு மேலயோ இருந்தா அந்தக் குதிரைக்கு எங்கயோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். பட்டியலைப் படிச்சா ஒரு விஷயம் உறைக்கும். நாம இது எல்லாத்துக்கும் ஏற்கனவே பேரு வெச்சிருக்கோம். திமிரு, சோம்பேறித்தனம், பிடிவாதம், நடிப்பு.

இன்னொரு ஆராய்ச்சி எனக்கு இன்னும் பிடிச்சது. நார்வேயில 2016-ல வெளிவந்தது. அங்க குளிருக்குக் குதிரைமேல கம்பளி போர்த்துவாங்க. அது குதிரைக்கு வேணுமா வேணாமான்னு யாரும் கேட்டது கிடையாது. இவங்க கேட்டாங்க. மூணு பலகை. ஒண்ணுல படுக்கைக் கோடு, ஒண்ணுல நிமிர்ந்த கோடு, ஒண்ணு வெறும் பலகை. போர்த்தி விடு, எடுத்து விடு, இப்படியே இருக்கட்டும்னு அர்த்தம். 23 குதிரைங்க, ரெண்டே வாரத்துல எல்லாமே கத்துக்கிச்சு. மழையும் குளிருமா இருந்த நாள்ல போர்த்தச் சொல்லிப் பலகையைத் தொட்டுச்சு. வெயில் நாள்ல எடுக்கச் சொல்லித் தொட்டுச்சு. கேட்டா சொல்லுது. அவ்வளவுதான்.

நம்ம ஊர்ல ஒரு பழமொழி இருக்கு. கொள்ளுன்னா வாயைத் திறக்குமாம், கடிவாளம்னா வாயை மூடிக்குமாம். சோத்துக்கு முன்னாடி வந்து வேலைக்குப் பின்னாடி போறவனைக் கிண்டல் பண்ணச் சொல்றது. எங்க பாட்டி என்னை நிறைய தடவை சொல்லியிருக்காங்க. இப்ப யோசிச்சா, அதுல குதிரை மேல என்ன தப்பு? ஒண்ணு சாப்பாடு, இன்னொண்ணு வாய்க்குள்ள போற இரும்பு. ரெண்டுக்கும் ஒரே மாதிரி வாயைத் திறந்தாத்தான் அது முட்டாள்.

அப்போ குறும்புங்கிறதே பொய்யா, எல்லாம் வலிதானான்னு கேப்பீங்க. இல்ல. அதைத்தான் மீதி நாலு நாள்ல பார்த்தேன்.

சேணம் கிடையாதுன்னு ஆனதும் கேம்ப்ல பாதிப் பேருக்கு முகம் தொங்கிப்போச்சு. அந்தப் பொண்ணு மட்டும் சந்தோஷமா இருந்தா. அவகிட்ட ஒரு விளையாட்டு இருந்துச்சு. தேசிங்குக்கு முன்னாடி போய் நிக்கிறது இல்ல, கொஞ்சம் தள்ளி முதுகைக் காட்டி உக்கார்ந்துக்குவா. கூப்பிட மாட்டா. கொஞ்ச நேரத்துல அவனே வந்து அவ பின்னலை மோந்து பார்ப்பான், தோள்ல மூக்கை வெச்சு ஊதுவான். பசங்க ஒவ்வொருத்தரா அதை ஆரம்பிச்சாங்க. யார்கிட்ட முதல்ல வர்றான்னு போட்டி. அலட்டின அந்தப் பையன்கிட்ட ரெண்டு நாள் வரவே இல்ல. மூணாவது நாள் வந்து, அவன் பாக்கெட்ல இருந்த கர்ச்சீப்பை எடுத்துக்கிட்டு ஓடினான். அந்தப் பையன் முகத்துல அப்படி ஒரு சந்தோஷம்.

அப்பத்தான் எனக்கு வித்தியாசம் பிடிபட்டுச்சு. தொப்பியைத் தூக்கும்போது காது ரெண்டும் முன்னாடி பார்த்து நிக்கும். உதடு தளர்வா இருக்கும். எடுத்துட்டு ரெண்டு அடி ஓடி, நாம துரத்துறோமான்னு திரும்பிப் பார்ப்பான். துரத்தலைன்னா திரும்பி வருவான். அது விளையாட்டு. வலியில பண்றது அப்படி இருக்காது. காது பின்னாடி போகும், உடம்பு இறுகும், திரும்பிப் பார்க்க மாட்டான். நாம ரெண்டையும் சேர்த்துக் குறும்புன்னு ஒரே பேரு வெச்சதுலதான் பிரச்சினை.

தேசிங்குராஜா கதையை நாம வீரத்துக்காகச் சொல்றோம், முரட்டுக் குதிரையை அடக்கினான்னு. அதே மாதிரி அலெக்சாண்டர் கதை ஒண்ணு இருக்கு. யாரையும் கிட்ட விடாத பூசிஃபலஸ்ங்கிற குதிரையை, பையனா இருந்தப்பவே அவர் வசப்படுத்தினாருன்னு புளூட்டார்க் எழுதியிருக்கார். ஆனா கவனிச்சுப் படிச்சா, அதுல பலம் எதுவும் இல்ல. அந்தக் குதிரை தன் நிழல் அசையுறதைப் பார்த்துப் பயப்படுதுன்னு அந்தப் பையன் ஒருத்தன்தான் கண்டுபிடிச்சான். அதைச் சூரியனைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினான். நிழல் பின்னாடி போச்சு, பயமும் போச்சு. மத்தவங்க குதிரையை இழுத்துக்கிட்டு இருந்தப்ப, அவன் பார்த்துக்கிட்டு இருந்தான். எங்க கேம்ப்ல அந்த வேலையை ஒரு ஒன்பது வயசுப் பொண்ணு பண்ணினா.

முடிக்கிறதுக்கு முன்னாடி, உங்களுக்குப் பயன்படுற மாதிரி சிலது. நீங்க ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போவீங்க. மெரினாவுல சாயங்காலம் நிப்பீங்க. கார்த்திகை தீபத்தை ஒட்டித் திருவண்ணாமலையில கூடுற சந்தைக்கோ, ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்கோ ஒரு தடவையாவது போங்க. குதிரை முன்னாடி நிக்கும்போது முதல்ல காதைப் பாருங்க. அப்புறம் வார் படுற இடத்தைப் பாருங்க.

நம்ம நாட்டுல வண்டி இழுக்கிற, சுமை தூக்கிற விலங்குகளுக்கு 1965-லயே விதிகள் போட்டிருக்காங்க. மட்டக்குதிரை மேல பொதி 70 கிலோவுக்கு மேல ஏத்தக் கூடாது. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது, அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஓய்வில்லாம ஓட்டக் கூடாது. 37 டிகிரிக்கு மேல வெயில் அடிக்கிற இடத்துல மதியம் பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் வேலையே கூடாது. முள்ளு வெச்ச கடிவாளம் கூடாது. குதிரைக்காரர்கிட்ட சண்டை போடச் சொல்லலை. அவருக்கும் அதுதான் பொழைப்பு, பல பேர் தன் பிள்ளை மாதிரிதான் வெச்சிருக்காங்க. ஆனா நீங்க எண்பது கிலோன்னா ஏறாதீங்க. மதிய வெயில்ல கேக்காதீங்க. ஏறாம பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துட்டு, சவாரிக் காசைக் குடுத்துட்டு வரலாம். யாரும் வேணாம்னு சொல்லமாட்டாங்க.

கடைசி நாள் சாயங்காலம் எல்லாரும் தேசிங்கைக் கூட்டிக்கிட்டு ஏரிக்கரைக்கு நடந்து போனோம். கயிறு கட்டலை. இருபது பசங்க, நடுவுல அவன், பின்னாடி பெரியவர். மலைக்குப் பின்னாடி வெயில் இறங்கிட்டு இருந்துச்சு. நான் அவன்கிட்ட ஏதாவது சொல்லணும்னு தோணுச்சு, மன்னிப்பு மாதிரி. குதிரைகிட்ட எப்படிச் சொல்றது? பக்கத்துல போய்க் கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டி நின்னேன், அந்தப் பொண்ணு பண்ற மாதிரி. ரொம்ப நேரம் ஒண்ணும் நடக்கலை. அப்புறம் கழுத்துல சூடா மூச்சு பட்டுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. சரி, மன்னிச்சுட்டான்னு திரும்பினா, அவன் காது ரெண்டும் முன்னாடி, வாயில என் மூணாவது தொப்பி.